சீராக வந்த கார்

என் சடங்குக்குத் தாய்மாமன் என்ன சீர் செய்தார் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். என்னோடு படித்த பெண்களுக்கெல்லாம் மாமன் வீட்டிலிருந்து பட்டுப்புடவை வந்தது, கொலுசு வந்தது, ஒருத்திக்கு ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோகூட வந்தது. எனக்கு வந்தது ஒரு கார். கார் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். அதற்குக் கூரை கிடையாது. நாலு சக்கரத்தில் ஒன்றிலும் காற்று கிடையாது. ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் கோழி அடைகாத்த வைக்கோல் அப்படியே கிடந்தது.

அது என் தாத்தாவின் கார். அம்மாவைப் பெற்றவர். வாலிபத்தில் அவர் புதுச்சேரியில் ஓர் ஆலையைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தார். துரை ஊருக்குக் கப்பலேறியபோது, கூடவே கொண்டுபோக முடியாத தன் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். இரண்டே பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு, சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பி வைத்த சக்கரங்கள், தரையை உரசுவதுபோலத் தாழ்ந்த உடம்பு. தாத்தா அதைத் திண்டிவனத்துக்கு ஓட்டி வந்தார். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மயிலம் வரைக்கும் போய்வருவாராம். பிறகு உதிரிபாகம் கிடைக்காமல் வண்டி நின்றது. தாத்தா அதை விற்கவும் இல்லை, எடைக்குப் போடவும் இல்லை. கொட்டகையில் வைத்தார். கோழிகள் குடியேறின.

தாத்தா கடைசியாகப் படுத்தபோது மாமாவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். சுற்றி நின்ற எல்லாரும் கேட்டோம்.

"அந்த வண்டிய பாப்பாவுக்கு சீர் பண்ணிக் குடுத்துடுடா."

பாப்பா என்றால் என் அம்மா. பிறந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். தாத்தா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியைப் பழுதுபார்த்து மகளிடம் கொடு என்கிறார். வேறென்ன? ஆனால் எங்கள் பக்கத்தில் ரிப்பேர் பார்ப்பதும் சீர் பண்ணுவதுதான், பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குத் தட்டு வரிசை எடுத்துக்கொண்டு போவதும் சீர் பண்ணுவதுதான். ஒரே வார்த்தை. அந்த வார்த்தையின் இடுக்கில் என் மாமா எப்படி நுழைந்தார் என்று பாருங்கள்.

அடுத்த வருஷம் நான் பெரியவள் ஆனேன். எங்கள் ஊரான விழுப்புரத்தில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். வாசலில் மாமா பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார். ஒரு ஓரத்தில் தபால்தலை அளவுக்கு நான். மீதி இடம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமா. அவருக்குப் பின்னால் பளபளவென்று சிவப்பாக ஒரு கார், இன்டர்நெட்டில் எடுத்த படம். "தாய்மாமன் சீர்" என்று தங்க எழுத்து. என் தோழிகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏய், உங்க மாமா உனக்குக் காரு குடுக்கறாராடி!" என்று என்னைக் கிள்ளினார்கள். நானும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கழுத்தை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேளம் கொட்ட, வெடி வெடிக்க, மினிலாரி வந்து நின்றது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய அந்தத் துருக்குவியல். மூக்கில் சந்தனம் குங்குமம், கழுத்தில்லாத இடத்தில் மாலை. கோழி எச்சத்தைக்கூடத் துடைக்கவில்லை, அதற்கு மேலேயே பழத்தட்டை வைத்திருந்தார்கள். பின்னால் நின்ற பையன்கள் சிரித்த சிரிப்பில் மேளக்காரருக்கே தாளம் தப்பியது.

மாமா மைக்கை வாங்கினார்.

"எங்கப்பா கண்ண மூடறப்ப வண்டிய பாப்பாவுக்கு சீர் பண்ணுடான்னு சொன்னாரு. பண்ணிட்டேன். இதோட எங்க வூட்டு சீரு முடிஞ்சுதுங்க!"

கைதட்டினார்கள். சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற கூட்டம் எதற்கும் கைதட்டும். அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் முகம் செத்துப்போய்விட்டது. சபையில் வந்த சீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. பொட்டு வைத்து, தட்டை வாங்கி, அண்ணன் காலில் விழுந்து எழுந்தாள். துருப்பிடித்த வண்டிக்காகத்தான் அப்படி ஆகிவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

பந்தி முடிந்ததும் கைகழுவுகிற இடத்தில் மாமாவைப் பிடித்தாள்.

"ஏண்ணா, அப்பா ரிப்பேர் பண்ணிக் குடுன்னுதான சொன்னாரு?"

"இன்னா பாப்பா பேஜாரு பண்ற? சீர் பண்ணுன்னாரு. மோளம் வெச்சி, வெடி போட்டு பண்ணியாச்சு. இன்னும் இன்னா?"

சொல்லிவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இந்த அநியாயம் எங்கேயாவது உண்டா? திண்டிவனத்து வீடு அவருக்கு. மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற நிலம் அவருக்கு. அம்மா அதில் ஒரு பிடி மண் கேட்டதில்லை. தகப்பன் சொன்ன ஒரே ஒரு சொல்லைக் கேட்டாள். அதையும் திருகித் திருப்பிக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

எங்கள் தெரு குறுகலானது. வாசலில் அந்த வண்டியைத் தள்ளி நிறுத்திய நாளிலிருந்து ஷேர் ஆட்டோக்காரர்கள் எங்களைத் திட்டாமல் திரும்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சடங்குக் காரு என்று பேர் விழுந்தது. நான் நடந்துபோனால் பின்னால் இருந்து ஹாரன் அடிப்பார்கள், வாயாலேயே. அப்பா ரயில்வேயில் பார்சல் ஆபீசில் இருந்தார். சண்டை சச்சரவு பிடிக்காதவர். ஒருநாள் மெதுவாக, "பழைய இரும்புக்காரன்கிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, "எங்கப்பாவ எடைக்குப் போடுவீங்களா நீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்குத் திண்டிவனத்திலிருந்து யாரும் வரவில்லை. தாத்தா இருந்தவரைக்கும் பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, ஒரு கட்டுக் கரும்பு எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்த வருஷம் அம்மா நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். கேட்டால், பால்காரனைப் பார்க்கிறேன் என்றாள். பால் காலையிலேயே வந்துவிட்டது. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. வராமல் இருப்பதே நல்லது, வந்தால் கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் கறுவிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்த கையோடு அம்மா வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

"நானே சீர் பண்றேன். சீர் பண்ணி எங்கண்ணன் கையால வாங்கறேன். எங்கப்பா சொன்னது நடந்தாவணும்."

இதுதான் அவள் சபதம். அண்ணன் கையால் வாங்குவது என்பதன் அர்த்தம், ஓடுகிற வண்டியை அவர் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி மானத்தை வாங்குவதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நானும் அவள் கட்சி.

டிராக்டர் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டாள். வாய் அகலமான ஆள். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபிக்கா, ஒரே வாரம்" என்று சொல்லிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தவர், அரைமணி நேரத்தில் விரலைச் சப்பிக்கொண்டு எழுந்துவந்தார்.

"இன்னாக்கா வண்டி இது? நம்ம ஸ்பேனரு ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது."

வெள்ளைக்காரன் நட்டெல்லாம் இஞ்சு கணக்கு, நம்முடையதெல்லாம் மில்லிமீட்டர். கடைசியில் ஆதிகாலத்து டிராக்டரோடு வந்த இஞ்சு ஸ்பேனர்களை அவர் பட்டறைப் பரணிலிருந்தே எடுத்துவந்தார். அந்த ஒரு வாரம் இரண்டு வருஷம் ஆனது. ஒவ்வொரு தடவையும், "அடுத்த வாரம் கண்டிப்பா வண்டி ரோட்டுல போயிக்கினு இருக்கும் பாருக்கா" என்பார். அவருக்கும் அம்மாவுக்கும் நடக்காத சண்டை கிடையாது. நடுவில் ஒருதரம் கோபித்துக்கொண்டு போய், கார்புரேட்டரையும் கையோடு கொண்டுபோய்விட்டார். அம்மா பட்டறைக்குப் போய், அத்தனை பேர் முன்னிலையில் நின்று வாங்கிவந்தாள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி எதை எதையோ பொருத்தினார்கள். கம்பிச் சக்கரத்தைத் தொட மெக்கானிக்குக்குப் பயம். சைக்கிள் கடைக்காரர்தான் சாவியை வைத்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கி, சுற்றிவிட்டுப் பார்த்து, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். சீட்டும், மேலே இழுத்து மூடுகிற கூரையும் அம்மா தைத்தது. ரெக்சினில் ஊசி ஒடிந்துகொண்டே இருக்கும். ஊர்ப்பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துச் சம்பாதித்ததெல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே போயிற்று. எனக்கு அந்த இரண்டு வருஷமும் புதுத் துணி கிடையாது. அதற்கும் மாமாவைத்தான் திட்டினேன். பெயின்டர் சிவப்புதான் அடிப்பேன் என்று நின்றார். "மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வுடலாம்க்கா, நல்லா எடுப்பா இருக்கும்" என்றார். எங்கள் ஊரில் திறந்த கார் என்றால் அதற்குமேல் யாருக்கும் யோசனை போகாது. அம்மா தாத்தா காலத்துக் கரும்பச்சையைத்தான் அடிக்கவைத்தாள்.

எஞ்சின் முதல்முதலாகப் பற்றிய அன்று வந்த புகையில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் கறுத்துப்போனது. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அம்மாவோ சிரித்துக்கொண்டே அழுதாள். அதற்குள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்சும் வாங்கியிருந்தாள். காகிதங்களைப் புதுப்பிக்க அப்பா அலைந்ததைச் சொல்லப்போனால் பொழுது போதாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனத்துக்குக் கிளம்பினோம். இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் அப்பாவைப் பஸ்சில் ஏற்றிவிட்டோம். அம்மா புடவையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் நரம்பு தெரிந்தது. நெடுஞ்சாலையில் போகிறவன் வருகிறவனெல்லாம் பக்கத்தில் வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "இன்னாம்மா, மாப்பிள எங்க?" என்று பைக்கில் வந்த ஒருவன் கத்தினான். "உங்கொப்பன் வூட்ல" என்று நான் கத்தினேன். அம்மா என் தொடையில் ஒன்று வைத்தாள். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. டீக்கடையில் குடம் வாங்கித் தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, மறுபடி கிளம்பினோம். வழியெல்லாம் மாமாவிடம் என்னென்ன கேட்பது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாமா வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். மாமா பனியனோடு வெளியே வந்தார். பின்னால் அத்தை. எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்த அப்பா காபி டம்ளரோடு நின்றார். மாமா வண்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். தெரு கூடியிருந்தது. மனுஷன் வெட்கப்படுவார், தலையைக் குனிவார் என்று நான் காத்திருந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா?

"பார்த்தீங்களா! எங்கப்பா வண்டி! தங்கச்சிக்கு நான் சீரா குடுத்தது!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். இரண்டு வருஷம் படித்து வைத்திருந்த கேள்வியையெல்லாம் எடுத்துவிடுவதற்குள் அம்மா எஞ்சினை அணைத்தாள். இறங்கினாள். நேராகப் போய் அவர் கையைப் பிடித்துச் சாவியை அதில் வைத்தாள்.

"இந்தாண்ணா. அப்பா இன்னா சொன்னாரு? சீர் பண்ணிக் குடுன்னாரு. பண்ண வேண்டியத நான் பண்ணிட்டேன். குடுக்க வேண்டியத நீ குடு."

"அதான் அன்னிக்கே குடுத்தாச்சேம்மா?"

"அன்னிக்கு நீ கோழிக்கூண்டத்தான் குடுத்த. இது அப்பா வண்டி. இத குடு."

மாமா சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போய் வண்டியில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தடவினார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்" என்றார். அம்மாவோ, "கிளட்ச்ச முழுசா அமுக்கு" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவைத்தாள்! வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

மறைந்தது மறைந்ததுதான். வரவில்லை. நான் குதித்தேன். சாவியைத் தூக்கிக் கொடுத்தாயே, இனி அவர் திருப்பிக் கொடுப்பாரா, நிலத்தைத் தின்றவருக்குக் கார் எந்த மூலைக்கு என்று கத்தினேன். அத்தை காதில் விழும்படிதான் கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அம்மா நெற்றி வேர்வையைத் துடைத்தபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு காய்ந்திருந்தது. அவளுக்கும் பயம்தான். ஆனால் நான் பயந்ததும் அவள் பயந்ததும் ஒன்றல்ல என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

வெயில் ஏறியபிறகு ஹாரன் கேட்டது. மாமா பக்கத்து சீட்டில் ஒரு தார் பூவன்பழம், தேங்காய், பூ எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் பைக்கில் அவர் கூட்டாளிகள் மூன்று பேர். சாட்சியில்லாமல் அவரால் ஒரு காரியமும் செய்ய முடியாது. அவர் கண் சிவந்திருந்தது, தாத்தாவை நினைத்து அழுதிருப்பார் என்று என் அப்பா பிறகு சொன்னார். கூரையை மடக்கிவிட்ட வண்டியில் தூசி விழுந்திருக்கும் என்றேன் நான்.

அத்தை யாரும் சொல்லாமலே உள்ளே போய்த் தாம்பாளம் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ. நடுவில் சாவியை வைத்தார் மாமா. தொண்டையைச் செருமினார். மைக் இல்லாதது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

"எங்கப்பா சொன்னபடி, எந்தங்கச்சிக்கு, இதோட..."

"இதோடன்னு சொல்லாதண்ணா" என்றாள் அம்மா.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூட்டாளிகள்கூடச் சட்டென்று அடங்கிவிட்டார்கள். மாமா அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரி. சொல்லல. இந்தா பாப்பா."

அம்மா முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்தி அதை வாங்கிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அத்தை அவளைக் கட்டிக்கொண்டாள். யார் வண்டிக்கு யாரிடம் மடி ஏந்துவது? விரலில் ஊசி ஏற்றிக்கொண்டு தைத்தவள் இவள். பனியனோடு வந்து வாழைப்பழம் வாங்கியவர் அவர். கும்பிடு மட்டும் அவருக்கா? மாமா எனக்கென்று ஒரு சாக்லேட் பெட்டி நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா வாங்கிவைத்தார்.

அப்பாவை மறுபடி பஸ்சில் ஏற்றிவிட்டு நாங்கள் திரும்பினோம். வழியில் நான் வாயை மூடவே இல்லை.

"நம்ம வண்டி. நீ தச்ச சீட்டு. நம்மளே கொண்டும்போய் குடுத்துட்டு, நம்மளே கைய ஏந்தி வாங்கிக்கினு வர்றோம். உனக்கு வெக்கமாவே இல்லியாம்மா?"

அம்மா சிரித்தாள். அழுத கண்ணும் புகைக்கரி பட்ட கன்னமுமாக, காற்றில் முடி பறக்க, அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பொங்கலுக்கு உங்க மாமா வருவாரு பாரு. கரும்பு கொண்டாருவாரு."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு வருஷப் பாடு, ஒடிந்த ஊசி, கிழிந்த விரல், நான் பள்ளிக்கூடத்தில் கேட்ட கிண்டல், இத்தனையும் ஒரு கட்டுக் கரும்புக்கா?

"ஏன், விழுப்புரம் மார்க்கெட்ல கரும்பே கெடைக்காதா?" என்று கேட்டேன்.

அம்மா கியரை மாற்றி, முன்னால் போன லாரியைத் தாண்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வயதில் எனக்குக் கரும்பு என்றால் வெறும் கரும்புதான்.